ஒரு கல் கம்மி

சத்தியம் தம்பி! நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் இந்த ஆஸ்பத்திரிக் கூரை இந்த நிமிஷமே என் தலையில் விழட்டும். என் தலையில் மட்டும். உங்கள் தலைக்கு வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்தக் காதில் பஞ்சு? வலதா? அப்படியானால் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், நல்ல காது எனக்கு இருக்கட்டும். நர்ஸம்மா முறைக்கிறார். முறைக்கட்டும். காது டாக்டர் வாசலில் சத்தமாகப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

என் பெயர் ஆவுடையப்பன். ஊர் அம்பாசமுத்திரம். இப்போது இருப்பது மகளோடு, இங்கே மெட்ராஸில். அதோ கவுண்டரில் நிற்கிறாளே, தலைமுடியைக் கொத்தாகத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அவள்தான் மகள். வடிவு. என் காதைக் காட்ட அழைத்து வந்திருக்கிறாள். என் காதுக்கு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டில் முணுமுணுத்தால் எனக்குக் கேட்கும். ஆனால் பிள்ளைகள் ஒரு முடிவு எடுத்துவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்? மேலே போர்டைப் பாருங்கள், 'காது, மூக்கு, தொண்டை'. நாக்கு என்று போட்டிருக்கிறதா? இல்லை அல்லவா? அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். கிட்டே வாருங்கள்.

எனக்கு நாக்கு மரத்துப்போய்விட்டது. ருசி தெரியாது. வாசனையும் தெரியாது. சூடு தெரியும், ஜில்லென்றால் தெரியும், வழவழப்பும் மொறுமொறுப்பும் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரு குளவி கொட்டிவிட்டது, நேராக நாக்கின் நடுவில். கொட்டாவி விடும்போது உள்ளே போய்விட்டது. நம்ப மாட்டீர்களா? சரி, குளவி வேண்டாம். என் மனைவி கோமதி போன ஐப்பசியில் இறந்துபோனாள். காலையில் பார்த்தால், இட்லிக்கு அரைத்து வைத்த மாவு பாத்திரத்தில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் அவள் தரையில் படுத்திருந்தாள். எல்லோரும் வந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதற்கென்ன, வருகிறபோது வரட்டும். பக்கத்து வீட்டில் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. பாவம், பதற்றத்தில் டிகாஷன் போட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் மறந்துவிட்டார்கள். அதற்கும் மறுநாளும். பிறகுதான் புரிந்தது. ஆனால் இதற்கும் கோமதிக்கும் சம்பந்தமில்லை. அந்த வாரம் மழை, எனக்குக் கொஞ்சம் ஜலதோஷமும் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் யார் தெரியுமா? பெருங்காயக் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் பிடித்தவன். நான் பஸ்ஸை விட்டு இறங்கினாலே பெருங்காய வாசனையில் ஊருக்குத் தெரியும். பழனியில் ஒரு கண் தெரியாத பெரியவர், நான் வந்த பஸ் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டும்போதே, 'ஆவுடையப்பன் வரார், சாம்பாரை இறக்கிடாதீங்க' என்று சொல்லிவிடுவாராம். வாசனை அப்படி என்றால், என் நாக்கு அதற்கும் மேலே. விருதுநகரில் ஒரு ஓட்டலில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, 'முதலாளி, இது சங்கிலி கோனார் வீட்டுச் செவலைப் பசுவோட பால்தானே?' என்றேன். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பசு காணாமல்போய் ஊரே தேடிக்கொண்டிருந்த சமயம். போலீஸ் வந்து ஓட்டல் கொல்லைப்புறத்தைத் திறந்தால், அங்கே கட்டிக்கிடக்கிறது பசு! என்னைப் பார்த்து அது தலையை ஆட்டியது. இன்ஸ்பெக்டர் என் நாக்குக்கு ஒரு சல்யூட் வைத்தார். அப்படிப்பட்டவன் போய் 'எனக்கு ருசி தெரியவில்லை' என்று எந்த வாயால் சொல்வது?

வடிவுக்குத்தான் முக்கியமாகத் தெரியக் கூடாது. அவள் சமையல்காரி. சமையல்காரி என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், செஃப். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் வேலை. ஓட்டலின் பெயர் என்ன தெரியுமா? 'சும்மா'. போர்டே அப்படித்தான். நான் முதலில் கேலி என்று நினைத்தேன். 'அங்க வந்தா யாரும் விறைப்பா இருக்கக் கூடாதுப்பா, சும்மா வரணும், சும்மா உக்காரணும், நாங்க குடுக்கிறதைச் சாப்பிடணும். அதான் பேரு' என்றாள். நாமாக ஒன்றும் கேட்க முடியாது. அவர்களாகவே கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று முடிந்தபிறகு ஒன்று என்று, தட்டு தட்டாகக் கொண்டுவருவார்கள். சாயங்காலம்வரைக்கும் கொண்டுவருவார்கள்.

அந்தத் தட்டுகளில் ஒன்றாக வடிவு அவள் அம்மாவுடைய உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்க நினைத்தாள். கோமதி எதையும் சொல்லிக் கொடுத்தவள் இல்லை. கேட்டால், 'போடறதைப் போடுவேன்டி, என்னத்தைச் சொல்ல' என்பாள். அவள் போனபிறகு இந்தப் பெண் மாதக்கணக்காக அதைச் செய்து பார்க்கிறாள். செய்கிறாள், ஒரு வாய் தின்கிறாள், கொட்டுகிறாள். என்னிடம் சொல்லிவிட்டாள், 'அப்பா, அம்மா சமையலை வாழ்நாள் பூரா சாப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். நீங்க வந்து சாப்பிட்டு, இது அம்மா கைதான்னு சொன்னாத்தான் மெனுவிலே வைப்பேன். இல்லேன்னா எடுத்துடுவேன். இனிமே செய்யவும் மாட்டேன்.'

பார்த்தீர்களா என் நிலைமையை?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வாசலில் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒருவன் நின்றான். குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்து, 'வழி விடப்பா' என்றேன். அவன்தான் முதலாளி. சிரித்துக்கொண்டே, 'அங்கிள், ரிலாக்ஸா இருங்க' என்றான். மேஜைக்கு விரிப்புக் கிடையாது. பழைய சோபா, மூங்கில் நாற்காலி, ஒரு ஊஞ்சல். இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். ஒரு ஆள் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹைகோர்ட் வக்கீலாம். எனக்குப் பரிமாற மாவி என்று ஒரு பெண், மிசோரம் ஊராம், தமிழ் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறது. அது என் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, 'சாப்பிடலாமா அங்கிள்?' என்றது. சர்வர் உட்கார்ந்து பரிமாறுகிற ஓட்டல்!

முதல் தட்டு வந்தது. தட்டா அது, ஆட்டுக்கல்லைக் கவிழ்த்துப்போட்ட மாதிரி ஒரு கல். அதன் நடுவில் ஒரு நகக்கண் அளவுக்கு ஏதோ பச்சையாக. நான் பார்த்தேன். 'என்னம்மா, இன்னைக்கு அமாவாசையா? காக்காய் எந்தப் பக்கம் வரும்?' என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சைப் பட்டுக்காரம்மா சிரித்துத் தண்ணீர் புரையேறிவிட்டது. மாவி, 'இல்லை அங்கிள், இது முருங்கைக்காயோட உள்சதை மட்டும், ஆத்துக்கல்லுமேல' என்றது. வாயில் போட்டேன். ஜில்லென்று வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஆனால் நான் லேசுப்பட்டவனா? ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பச்சைப் பட்டுக்காரம்மாவுக்கு ஒவ்வொரு தட்டும் எனக்கு ஒரு வாய் முன்னால் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா சாப்பிடும்போது முகத்தைப் பார்ப்பேன். கண்ணை இடுக்கினால் புளிப்பு. உதட்டை நக்கினால் இனிப்பு. மூக்கை உறிஞ்சினால் காரம். நானும் சாப்பிட்டுவிட்டு, 'புளிப்பு கொஞ்சம் எடுப்பாத்தான் இருக்கு, ஆனா பழம்புளி' என்பேன். மாவி அசந்துபோய்விட்டது. 'அங்கிள், எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பழம்புளிதான்!' என்றது. பிறகு ஒரு கண்ணாடிக் கூண்டைக் கொண்டுவந்து வைத்துத் திறந்தார்கள். உள்ளேயிருந்து புகை. 'அடுப்பு சரியாப் பிடிக்கலையா?' என்று கேட்டேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து 'ஆஹா' என்றார்கள். நானும் கண்ணை மூடி 'ஆஹா' என்றேன். கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திறந்தபிறகு நான் மூடியிருந்தேன்.

கண்ணை மூடியிருந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை தம்பி. புகை வந்து முகத்தில் படுவது தெரிகிறது. இதமாக இருக்கிறது. யாரோ ஒரு வெறும் வீட்டுக்குள் போய் விளக்குப் போடாமல் நிற்கிற மாதிரி இருந்தது. சரி, அதை விடுங்கள்.

அந்த இடத்தில் விருதுநகர்ப் பசுவின் கதையைச் சொன்னேன். வக்கீல் எழுந்துவந்து உட்கார்ந்து கேட்டார். முதலாளிப் பையன் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான். மாவி, 'பசு நிஜமாவே தலையாட்டுச்சா அங்கிள்?' என்றது. 'ஆட்டுச்சாவா? கண்ணடிச்சது' என்றேன். ஓட்டல் முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் வடிவு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்களுக்குப் புரியாது. நான் வீட்டில் ஒருநாளும் சாப்பாட்டைப் பாராட்டியவன் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரே வாசகம்தான். முதல் வாய் போட்டதும், 'ஒரு கல்லு உப்பு கம்மி' என்பேன். சாம்பாராக இருந்தாலும் சரி, தயிர்சாதமாக இருந்தாலும் சரி. சொன்னால்தான் கோமதி அடுப்படியை விட்டு வெளியே வருவாள். இல்லாவிட்டால் அவள் பாட்டுக்கு உள்ளேயே எதையாவது கிண்டிக்கொண்டு இருப்பாள். உப்பு ஜாடியிலிருந்து ஒரே ஒரு கல்லை எடுத்து, கையை மூடிக்கொண்டு வந்து, என் தட்டு ஓரத்தில் வைப்பாள். வைத்துவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் அந்தக் கல்லைத் தொடக்கூட மாட்டேன். தட்டு கழுவும்போது அது அங்கேயே இருக்கும். அவளும் ஒருநாளும், 'தொடவேயில்லையே' என்று கேட்டதில்லை. சின்ன வயதில் வடிவு இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். 'அம்மா, அப்பா இன்னும் சொல்லலையே, சோறு இறங்காதே' என்பாள்.

அது கிடக்கட்டும். வடிவு வந்தாள். இடது கையில் ஒரு சின்ன மண்சட்டி. வலது கையை ஏனோ மூடிக்கொண்டு வந்தாள். சுட்டுக்கொண்டாளோ என்னவோ, வேலை செய்கிற கை. செஃப் தொப்பி எதுவும் கிடையாது, நம் வீட்டுப் பெண் மாதிரியே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தாள். 'அப்பா, இதை வேற யாருக்கும் இன்னும் குடுக்கலை. முதல்ல உங்களுக்குத்தான்' என்றாள்.

முதலில் எனக்கா! பச்சைப் பட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்து வாயில் வைத்தேன். சூடு. உளுந்தின் வழவழப்பு. எள்ளு பல்லில் நெருநெருவென்றது. வடிவு என் வாயையே பார்க்கிறாள். பின்னால் முதலாளி நிற்கிறான், அவன் காதில் விழுகிற மாதிரி குறை எதுவும் சொல்லிவிடக் கூடாது. பெண்ணின் பிழைப்பு. அதனால் வாய் நிறையச் சொன்னேன், 'அமிர்தம்! உங்க அம்மா கையேதான்! பிரமாதம்!'

வக்கீல் கை தட்டினார். முதலாளியும் தட்டினான். வடிவு தட்டவில்லை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படி ஆகும்.

'வேற ஒண்ணும் சொல்லத் தோணலையாப்பா?'

'வேற என்னம்மா? நிறைவா இருக்கு.'

'எதுவும் கம்மியா இல்லையா? ஒண்ணும்? நல்லாப் பாருங்கப்பா. இன்னொரு வாய் சாப்பிட்டுப் பாருங்க.'

இன்னொரு வாய் சாப்பிட்டேன். 'ஒரு குறையும் இல்லை தாயி. எல்லாம் கச்சிதம்' என்றேன். என் வாழ்க்கையில் ஒரு சாப்பாட்டை இப்படிப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு என்ன கொடுத்து வைத்திருக்க வேண்டும்! கோமதிக்குக்கூடக் கிடைக்காத பாராட்டு. வடிவு மூடிய கையைத் திறக்கவே இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. தெளிந்த தண்ணீர் மாதிரி ஏதோ, ஆவி பறந்தது. 'இது மெனுவிலே இல்லைப்பா. உங்களுக்கு மட்டும்' என்றாள். மரியாதை, பார்த்தீர்களா? மற்றவர்களுக்குக் கிடையாது, அப்பாவுக்கு மட்டும். நான் ரசித்து, உறிஞ்சி, மெதுவாகக் குடித்தேன். தொண்டையில் லேசாக உறுத்தியது, நல்ல சரக்கு அப்படித்தான் இருக்கும். 'ஆஹா! உடன்குடிப் பனங்கற்கண்டு! அதுவும் புதுசா இறக்கினது. இனிப்பு எவ்வளவு பதவிசா இருக்கு பாருங்க' என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். உடன்குடியில் ஒரு பனை இருந்தது, அதன் பதநீரைக் குடித்தால் மூன்றாம் பிறவி ஞாபகம் வரும், அந்தக் கதையையும் ஆரம்பித்தேன்.

மாவி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே ஓடிவிட்டது. கதையில் அவ்வளவு உருக்கம். வடிவு என் கையிலிருந்து குவளையை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்தாள். முகம் கோணிவிட்டது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இனிப்பு ஆகாது. 'போதும்பா. வீட்டுக்குப் போகலாம்' என்றாள். என் தோளில் கை வைத்தாள். ரொம்ப நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் முழுவதும் எனக்கு ஒரே தாகம். செம்பு செம்பாகக் குடித்தும் அடங்கவில்லை. பெரிய ஓட்டல் சாப்பாடு என்றாலே அப்படித்தான், என்னத்தையாவது போட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் பார்த்தால் உளுந்தஞ்சோற்றை மெனுவிலிருந்து எடுத்துவிட்டாளாம். நான் அவ்வளவு பாராட்டியும்! 'அம்மா கைதான்னு அப்பாவே சொல்லிட்டாரே' என்று முதலாளி போனில் கேட்கிறான், எனக்குக் கேட்கிறது, என் காதுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன் அல்லவா. அதற்கு இவள், 'அவர் இன்னும் சொல்லலை ரோஹன்' என்கிறாள். நான் சொல்லவில்லையாம். 'அமிர்தம்' என்றேன், 'பிரமாதம்' என்றேன், இன்னும் எப்படிச் சொல்வது? அப்புறம் லீவு போட்டுவிட்டு என்னை இங்கே அழைத்து வந்துவிட்டாள். ஓட்டலில் பாட்டுச் சத்தத்தில் அவள் கேட்ட எதற்கோ நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாள். அதனால்தான் காது டாக்டர். நாக்கு விஷயம் அவளுக்குத் துளிக்கூடத் தெரியாது. அந்த மட்டுக்கும் நான் கெட்டிக்காரன்.

சும்மா இருங்கள், வருகிறாள்.

வாம்மா. தம்பியோடு பேசிக்கொண்டிருந்தேன், ஊர்க் கதை. என்ன இது, பேப்பர் கப்பில்? கொடு, கொடு. கேன்டீனிலா வாங்கினாய்? ம். நல்லா இருக்கும்மா. மோர் நல்லா இருக்கு. ஒரு கல்லு உப்புதான் கம்மி.

என்னம்மா? ஏன் அப்படியே நிற்கிறாய்? ஒரு கல்லு உப்புதானே கேட்டேன். கேன்டீனில் இருக்கும், போய் வாங்கிக்கொண்டு வா. போம்மா.

போய்விட்டாள். எப்படி என் தந்திரம்? மிச்சக் கதையை உங்களிடம் முடிக்க வேண்டும், அவளைக் கொஞ்ச நேரம் அனுப்ப வேண்டும், பழைய வாசகம் வாயில் வந்துவிட்டது. கோமதி போனபிறகு இன்றைக்குத்தான் சொல்கிறேன். பாருங்கள், ஓடுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடுகிறாள். ஆஸ்பத்திரி மருந்து நெடி கண்ணுக்கு ஆகாது.

என்ன தம்பி சைகை? கப்பையா? கப்பில் என்ன? ஆறிப்போன பாலா? மோர் இல்லையா? கொடுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். ஆமாம். ஆடை மிதக்கிறது. அடியில் சர்க்கரைகூடக் கரையாமல் கிடக்கிறது.

நல்லவேளை, அவள் கவனிக்கவில்லை. பாலுக்கு எங்கேயாவது உப்புப் போடுவார்களா? அவ்வளவு பெரிய ஓட்டலில் செஃப், அதுகூடத் தெரியாமல் உப்பு எடுக்க ஓடுகிறாள். பாவம், களைப்பு.

தம்பி, ஒரு உபகாரம். இது பால் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நாக்கு விஷயம் உள்ளே டாக்டரிடமும் மூச்சு விடாதீர்கள். யாராவது கேட்டால், பக்கத்தில் ஒரு கிழவன் இருந்தான், காது கேட்காது, வாயே திறக்கவில்லை என்று சொல்லுங்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அவளுக்கு இடம் வேண்டும். அதோ வருகிறாள், வலது கையை மூடிக்கொண்டு. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.